வழிச்செலவு கொடுத்தவர் யார்?

ஒரகடத்துக்கு அருகே, மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளின் நீண்ட மதில்கள் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துகொண்டே போகும் பிரதேசத்தில், வடக்குப்பட்டு என்ற சிற்றூர் இருக்கிறது. அவ்வூரின் மேடொன்றை 2022-ஆம் வருஷம் மத்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்து பார்த்தபோது, பல்லவர் காலத்துச் சிற்பங்களும், அவற்றுக்கு முந்திய காலத்துக் கண்ணாடி மணிகளும், வளையல் துண்டுகளும், மிகச் சிறிய பொன்னாபரணங்களும், இவை எல்லாவற்றுக்கும் அடியில் கற்கால மனிதன் செதுக்கிய கைக்கோடரிகளும் சுரண்டிகளும் வெளிப்பட்டன. பத்திரிகைகள் அந்தக் கற்கருவிகளைப் பற்றியே அதிகமாக எழுதின. எனக்கோ அக்குவியலில் கிடந்த ரோமானியச் சாடிகளின் ஓடுகளே அதிக விசேஷமுடையனவாகத் தோன்றின. மத்தியதரைக் கடலோரத்தில் மதுவையோ எண்ணெயையோ நிரப்பிக் கப்பலேற்றிய, குறுகிய கழுத்தும் இரண்டு கைப்பிடிகளும் கூர்த்த அடியும் உடைய அந்தச் சாடி, கடற்கரையை விட்டு இவ்வளவு தூரம் உள்ளே வந்து ஒரு கிராமத்தில் உடைந்து கிடக்கிறதென்றால், அதைச் சுமந்து வந்தவன் ஒருவன் இருந்திருக்க வேண்டும். அவனுக்குக் கூலி கொடுத்து அனுப்பியவன் ஒருவனும் இருந்திருக்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இன்று பிரயாணம் செய்கிறவர், கொரிய எழுத்திலும் ஜப்பானிய எழுத்திலும் உணவுச்சாலைப் பலகைகளைப் பார்க்கிறார், ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகள் ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் போவதைப் பற்றிப் பேருந்தில் பேசக் கேட்கிறார். இவையெல்லாம் தொழிற்சாலைகளோடு வந்து சேர்ந்த புதுமைகள் என்று முடிவு கட்டிக்கொள்கிறார். என் அபிப்பிராயம் வேறு. வாலிபர்கள் படிப்புக்காகவும் தொழிலுக்காகவும் தொண்டுக்காகவும் தேசாந்தரம் போவதும், தேசாந்தரத்து வாலிபர்கள் இங்கே வருவதும் இந்தத் தொண்டை மண்டலத்துக்குப் பழைய பழக்கம். காலத்துக்குக் காலம் மாறி வந்தது ஒன்றுதான்: வழிச்செலவு கொடுத்தவர் யார் என்பது. அதை அறிந்துகொண்டால், போனவன் யாருக்குக் கட்டுப்பட்டவன், எப்போது திரும்பலாம், திரும்பும்போது கையில் கொண்டுவருவது யாருக்குச் சொந்தம் என்பவை தாமே விளங்கிவிடுகின்றன.

பழங்காலத்தில் இந்தக் கணக்கை மிகத் தெளிவாக எழுதி வைத்தவர்கள் சீனர்கள். யுவான் சுவாங் என்ற பௌத்த யாத்திரிகர் தம் அரசாங்கத்தின் அனுமதியில்லாமலே எல்லை கடந்து இந்தியாவை நோக்கிப் புறப்பட்டவர். வழியில் காவோசாங் என்ற பாலைவன ராஜ்யத்தின் அரசன் அவரைத் தடுத்து நிறுத்தித் தன்னிடமே தங்கிவிடும்படி வற்புறுத்த, அவர் உண்ணாவிரதம் இருந்து அவன் மனத்தை மாற்றினார். மாறிய மனத்தோடு அவன் இருபது வருஷப் பிரயாணத்துக்குப் போதுமான பொன்னும், முப்பதாயிரம் வெள்ளிக் காசும், ஐந்நூறு சுருள் பட்டும், முப்பது குதிரைகளும், வழியிலுள்ள மன்னர்களுக்கு இருபத்துநான்கு கடிதங்களும் கொடுத்தனுப்பினான் என்று அவருடைய சரித்திரத்தை எழுதிய சீடர் கூறுகிறார். இத்தனைக்கும் ஒரே ஒரு நிபந்தனைதான்: திரும்பும்போது மூன்று வருஷம் தன்னிடம் தங்கித் தர்மத்தைப் போதிக்க வேண்டும். சுமார் 640-இல் அவர் காஞ்சிபுரத்துக்கு வந்து, அங்கே நூறு சங்காராமங்களும் பதினாயிரம் பிக்ஷுக்களும் இருந்ததாகக் குறித்து, இலங்கைக்குக் கப்பலேற எண்ணியிருந்து, அங்கிருந்து கலகத்துக்குத் தப்பி வந்த பிக்ஷுக்களின் வார்த்தையைக் கேட்டு அந்த எண்ணத்தைக் கைவிட்டார். அந்த 640-ஆம் வருஷத்திலேயே காவோசாங் ராஜ்யம் சீனப் பேரரசின் படையால் அழிந்தது; வாக்குறுதி வாங்கிய அரசனும் இறந்துபோனான். கடன் கொடுத்தவனே இல்லாமற் போன காரணத்தால், கடனாளி நேராகத் தாய்நாட்டுக்குத் திரும்பினார்.

காஞ்சியைப் பற்றி எழுதும்போது அதே யாத்திரிகர் தர்மபாலர் என்ற ஆசாரியரின் கதையையும் சொல்கிறார். இவ்வூரில் ஒரு மந்திரியின் மூத்த குமாரராகப் பிறந்த தர்மபாலர், அரசகுமாரியோடு தமக்கு விவாகம் நடக்கவிருந்த சமயத்தில், புத்தர் திருவுருவத்தின் முன் மனமுருகிப் பிரார்த்தித்து, ஊரை விட்டு மறைந்து துறவியானார். பிற்பாடு நாலந்தாவின் தலைமைப் பதவியை அடைந்தார். அவருடைய மாணவர் சீலபத்திரர். சீலபத்திரரிடம் பயின்றவர்தாம் யுவான் சுவாங். ஆகவே காஞ்சியிலிருந்து கலியாணப் பந்தலை விட்டு ஓடிய ஒரு வாலிபனின் வித்தை, மகதம் சென்று, சீனத்துக்கு ஏறிப்போயிற்று. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வஜ்ரபோதி நாலந்தாவில் கற்று, காஞ்சியில் பல்லவ மன்னன் நரசிம்மவர்மனுக்காக மழை வேண்டி ஜபம் செய்து, இலங்கை வழியாகவும் ஸ்ரீவிஜயம் வழியாகவும் கடற்பிரயாணம் செய்து, 720-ஐ ஒட்டிச் சீனத் துறைமுகத்தில் இறங்கினார். இவர்களுக்கெல்லாம் வழிச்செலவு கொடுத்தது மடம். அல்லது அரசனும் வணிகனும் மடத்துக்கு விட்ட தானம். மடத்துச் சோறு தின்று போனவனை எப்போது திரும்புவாய் என்று ஒருவரும் கேட்கவில்லை, பலர் திரும்பவுமில்லை.

ஸ்ரீபெரும்புதூரின் பெயர் சொல்லும்போது ராமாநுஜரைச் சொல்லாமல் போவது முறையாகாது. 1017-இல் அவ்வூரில் அவதரித்ததாகக் குருபரம்பரை கூறும் அவர், வாலிபப் பிராயத்தில் காஞ்சிக்கு அருகில் யாதவப்பிரகாசர் என்ற அத்வைத ஆசிரியரிடம் பாடம் கேட்கச் சென்றதும், வியாக்கியானங்களில் மாணவன் குருவை மறுத்ததும், குரு மனம் பொறாமல் காசி யாத்திரை என்ற வியாஜத்தால் அவரை வழியிலேயே தீர்த்துவிட எண்ணியதும், விந்தியக் காட்டில் தம்பி முறையான கோவிந்தர் இரகசியமாக எச்சரிக்க, ராமாநுஜர் பாதி வழியிலிருந்து தப்பித் திரும்பியதும் எல்லோரும் அறிந்த கதை. குருவின் செலவில் போகும் யாத்திரைக்கும் ஓர் அபாயம் உண்டு என்பதைத் தவிர அதில் நமக்கு இங்கே வேறு தேவை இல்லை.

இனி ஒரு நீண்ட இடைவெளியைத் தாண்டி 1863-ஆம் வருஷத்துக்கு வருவோம். அவ்வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி, இங்கிலாந்திலிருந்து புவியியல் அளவைத் துறையின் உத்தியோகத்துக்காக வந்திருந்த, முப்பது வயது நிரம்பாத ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சாட்சி அது. பாறைகளை வரைபடத்தில் குறிப்பதற்காக அரசாங்கம் அனுப்பிய வாலிபர், அதோடு நில்லாமல் தம் ஓய்வு நேரத்தை எல்லாம் மனிதனின் ஆதி சரித்திரத்துக்குக் கொடுத்தார். வடக்குப்பட்டில் இன்று கிடைக்கும் கருவியை இன்னதென்று பெயர் சொல்லி அடையாளம் காண்கிறோமானால், அதற்கு அடிப்படையிட்டவர் அவர். உத்தியோகச் சம்பளம் வாங்கிக்கொண்டு வந்தவர்களில் இப்படியும் சிலர் இருந்தார்கள்.

அதே வருஷம், ஃபூட் பல்லாவரத்தில் குனிந்த சில வாரங்களுக்குள், ஜப்பானின் சோஷூ நாட்டைச் சேர்ந்த ஐந்து இளைஞர்கள் யோக்கஹாமாத் துறைமுகத்தில் ஓர் ஆங்கிலக் கப்பலில் ஒளிந்து ஏறினார்கள். தேசத்தை விட்டு வெளியேறுவது அக்காலத்தில் மரண தண்டனைக்குரிய குற்றம். அவர்களுடைய பிரபுவின் குடும்பமே திரைமறைவில் பணம் கொடுத்தது. ஐவரில் ஒருவரான இத்தோ ஹிரோபூமி பிற்காலத்தில் ஜப்பானின் முதல் பிரதம மந்திரியானார் என்பதால் அவரைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். ஆனால் தொழிற்பேட்டையின் நிழலில் உட்கார்ந்து எழுதும் நான் பேச விரும்புவது யமாவோ யோஸோவைப் பற்றி. லண்டனில் சில காலம் படித்தபின் அவர் கிளாஸ்கோவுக்குப் போய், பகலில் நேப்பியர் கப்பல் பட்டறையில் தொழிலாளியாக வேலை செய்து, இரவில் ஆண்டர்சன் கல்லூரியில் பாடம் கேட்டார். ஊர் திரும்பி, டோக்கியோவில் பொறியியல் கல்லூரி ஒன்று ஏற்படக் காரணமாக இருந்தார். 1873-இல் அக்கல்லூரியை நடத்துவதற்காக ஸ்காட்லாந்திலிருந்து அழைத்துவரப்பட்ட ஹென்றி டையருக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை. கிளாஸ்கோவில் அதே இராப்பள்ளியில், அதே காலத்தில் படித்தவர் அவர். ஜப்பானியப் பையன் கூலியாளாகப் போய்க் கற்றுவந்தான். ஸ்காட்லாந்துப் பையன் சம்பளக்காரனாக வந்து கற்றுக்கொடுத்தான். இருவருக்கும் செலவு செய்தது ஜப்பானியப் பணம். தன் பணத்தில் போனவனும் தன் பணத்தில் அழைத்தவனும் தனக்கு வேண்டியதையே கற்றுக்கொள்கிறான் என்பதற்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் நான் அறியேன்.

அதே பத்தாண்டுகளில் செங்கற்பட்டு ஜில்லாவின் வாலிபன் எப்படிப் போனான்? 1860 அக்டோபர் 12-ஆம் தேதி சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் புறப்பட்டு, நவம்பர் 16-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்காகப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அதில் இருந்தார்கள். அதன்பின் 1911 வரை, டர்பன் துறைமுகம் அமைந்த நேட்டாலுக்கு மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சென்றார்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். வட ஆர்க்காடும் செங்கற்பட்டும் அவர்களை மிகுதியாக அனுப்பிய ஜில்லாக்களைச் சேர்ந்தவை. கப்பல் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. ஓர் ஆளுக்கு ஒரு வரி: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், கடைசியில் உடம்பிலுள்ள அடையாளம். இடது முழங்காலில் தழும்பு, நெற்றியில் வடு என்று குமாஸ்தா எழுதி வைத்திருக்கும் அந்தக் கடைசிக் கட்டத்தைப் படிக்கும்போதுதான், வயல் வேலையில் அரிவாள் பட்ட கால் ஒன்று கடல் கடந்து போயிருக்கிறது என்பது நமக்கு உறைக்கிறது.

அவனுடைய வழிச்செலவைத் தோட்டக்காரன் கொடுத்தான். அதற்குப் பிரதியாக அவன் ஐந்து வருஷம் அந்தத் தோட்டக்காரனுக்கே உழைக்க வேண்டும். முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங், பின்பு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. அந்த நாட்டில் பத்து வருஷம் கழித்தபின் திரும்பும் பிரயாணம் இலவசம். காகிதத்தில் இந்தக் கணக்கு அவ்வளவு கொடுமையாகத் தோன்றாது. ஊரில் மிராசுதாரின் படியாளாகப் பரம்பரைக் கடனில் கட்டுண்டு கிடந்தவனுக்கு ஐந்து வருஷம் என்று முடிவு தெரிந்த கட்டு ஒரு விடுதலையாகக்கூடத் தோன்றியிருக்கும். செங்கற்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹீர் இந்த ஜில்லாவின் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைமையைப் பற்றி 1891-இல் எழுதிய குறிப்பையும், அதன் விளைவாக 1892-இல் அவர்களுக்கென்று நிலம் ஒதுக்கப் பிறந்த அரசாணையையும் படிக்கிறவர்களுக்கு, மக்கள் ஏன் கப்பலேறினார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. ஒப்பந்தத்தின் கொடுமை கூலித் தொகையில் இல்லை. எஜமானனை மாற்றிக்கொள்ள முடியாது என்ற ஒரு ஷரத்தில் இருந்தது. அனுமதிச் சீட்டில்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே நடப்பதே குற்றம்.

1894-இல் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி, முன்பற்கள் இரண்டு உடைந்து, இரத்தம் சொட்ட, தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு டர்பனில் ஓர் இளம் வக்கீலின் அறைக்குள் வந்து நின்றான். வக்கீல் கேட்டது எஜமானனுக்குத் தண்டனை அல்ல. இவனை வேறொரு எஜமானனுக்கு மாற்றிக் கொடுங்கள் என்பதுதான். அவ்வளவுக்கே ஒப்பந்தக் கூலிகளின் பாதுகாவல் அதிகாரி, மாஜிஸ்ட்ரேட்டு என்று பலரிடம் அலைய வேண்டியிருந்தது. அந்த வக்கீல் மோகன்தாஸ் காந்தி. அவரும் அயல் நாட்டுக்கு வேலைக்குப் போன வாலிபர்தான். அவரும் ஒப்பந்தத்தின்பேரில் போனவர்தான். தாதா அப்துல்லா கம்பெனியார் அவருக்கு ஒரு வருஷ காலத்துக்கு நூற்றைந்து பவுனும், போகவர முதல் வகுப்புக் கட்டணமும், சாப்பாட்டுச் செலவும் தருவதாக எழுதியிருந்தார்கள். அதற்கு முன் 1888-இல் அவர் லண்டனுக்குப் படிக்கப் போனபோது பணம் கொடுத்தவர் அண்ணன். அதற்காக ஜாதியார் அவரை விலக்கி வைத்தார்கள். ஒரே மனிதர் வாழ்க்கையில் குடும்பச் செலவில் படிப்புப் பிரயாணம், வியாபாரி செலவில் உத்தியோகப் பிரயாணம் இரண்டும் நடந்தன. மூன்றாவதாக, யாருடைய செலவும் இல்லாமல் அவர் அங்கேயே தங்கிவிட்ட இருபது வருஷத்துக்குத்தான் சரித்திரத்தில் இடம் கிடைத்தது.

இலங்கைக்கும் மலாய் நாட்டுக்கும் போனவர்களுக்கு, ஆள் திரட்டும் கங்காணி வழிச்செலவு கொடுத்தான். இலங்கைத் தோட்டங்களில் அது ‘துண்டு’ என்ற ஒரு காகிதமாக உருவெடுத்தது: இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டுகிற தோட்டம் இவனை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிய சீட்டு. கங்காணியின் கையில் துண்டு இருக்கும். துண்டோடு மனிதர்கள் கைமாறுவார்கள். 1921-இல் அது சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

எதிர்த் திசையில் வந்தவர்களையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் சபையார் ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையில் அனுப்பிய மிஷனரிகளில் ஆடம் ஆண்ட்ரூ என்பவர் செங்கற்பட்டில் தங்கி, நிலமில்லாத தாழ்த்தப்பட்ட மக்களின் நில உரிமைக்காக அரசாங்கத்தோடு வாதாடி, 1890-களில் மெல்ரோசாபுரம் என்ற குடியேற்றத்தை அமைத்தார். மதமாற்றத்தின்மேல் எனக்குள்ள அபிப்பிராயம் எதுவாயினும், அந்த மக்களுக்காகப் பட்டா கேட்டு மனு எழுதியவர்களில் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் நாம் அதிகமாகப் பேச முடியாது.

சுதேசி இயக்கம் ஒரு புதிய வகைப் பணப்பையைத் திறந்தது. 1904-இல் கல்கத்தாவில் ஜோகேந்திர சந்திர கோஷ் தொடங்கிய விஞ்ஞான, கைத்தொழில் கல்விச் சங்கம், பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி இளைஞர்களை ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் தொழில் கற்க அனுப்பிற்று. நோக்கம் யமாவோவின் நோக்கமேதான். ஆனால் யமாவோ திரும்பிவந்தபோது கல்லூரி தொடங்க ஓர் அரசாங்கம் காத்திருந்தது. நம் இளைஞர்கள் திரும்பிவந்தபோது அந்நிய அரசாங்கம் காத்திருந்தது.

சுதந்திரத்துக்குப்பின் ராஜ்யங்களே வழிச்செலவு கொடுக்கும் காலம் வந்தது. 1951-இல், ராஜ்யங்கள் ஒன்றுக்கொன்று உதவியும் பயிற்சியும் தரும் கொழும்புத் திட்டம். 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு கிண்டிக் காட்டோரத்தில் ஐ.ஐ.டி. அங்கே ஜெர்மன் பேராசிரியர்கள் வந்து பட்டறைகளை நிறுவினார்கள், இங்கிருந்து ஆசிரியர்கள் ஜெர்மனிக்குப் பயிற்சிக்குப் போனார்கள். தொண்டு செய்யப் போவதும் ராஜ்ய காரியமாயிற்று. முதல் உலக யுத்தம் முடிந்தபின், 1920-இல் வெர்டூனை அடுத்த ஒரு பாழ்பட்ட கிராமத்தில், பகை நாட்டு வாலிபர்களை ஒன்றாகச் சேர்த்து வீடு கட்டவைத்த சுவிட்சர்லாந்துக்காரர் பியேர் செரெசோல், 1934-இல் பீகார்ப் பூகம்பத்துக்குப்பின் தம் தோழர்களோடு இந்தியாவுக்கு வந்தபோது அவருக்கு எந்த அரசாங்கமும் துணையில்லை. 1961-இல் கென்னடி தொடங்கிய சமாதானப் படைக்கோ அமெரிக்கக் கஜானாவே துணை. அவ்வருஷ முடிவிலேயே அதன் தொண்டர்கள் பஞ்சாபுக்கு வந்தார்கள். கோழி வளர்ப்பும் விவசாயமும் ஆஸ்பத்திரித் தொண்டும் செய்தார்கள். 1976-இல் அத்திட்டம் இந்தியாவில் முடிந்தது. கஜானா கொடுக்கும் வழிச்செலவு இரண்டு ராஜ்யங்களின் சிநேகத்தைப் பொறுத்தது. சிநேகம் குளிர்ந்தால் பயணச்சீட்டும் நின்றுவிடும். 

நம் தொழிற்பேட்டைக்கு இவற்றையெல்லாம்விட நெருங்கியது 1959-இல் டோக்கியோவில் ஹோஸுமி கோயிச்சி முதலியோரின் முயற்சியால் உண்டான ஏ.ஓ.டி.எஸ். என்ற பயிற்சிச் சங்கம். ஜப்பானிய அரசாங்கமும் கம்பெனிகளும் செலவைப் பகிர்ந்துகொண்டு, ஆசிய நாடுகளின் இளம் பொறியாளர்களை வரவழைத்து, சில வாரம் மொழியும், பின்பு தொழிற்கூடத்தில் வேலையும் கற்பித்துத் திருப்பியனுப்பின. திரும்பிவந்த தமிழர்கள் சென்னையில் ஒரு பழைய மாணவர் சங்கம் வைத்தார்கள். தாம் கற்றதை மூட்டைகட்டி வைக்காமல், ஜப்பானிய மொழி வகுப்புகளும், பட்டறையைச் சுத்தமாகவும் ஒழுங்காகவும் வைத்துக்கொள்ளும் ‘ஃபைவ் எஸ்’ முறையும் மற்றவர்களுக்குக் கற்பித்தார்கள். நிஸ்ஸான் கம்பெனி 2010-இல் ஒரகடத்துக்கு வந்தபோது அவர்களோடு பேசத் தெரிந்தவர்கள் சென்னையில் தயாராக இருந்தார்கள் என்றால், அதற்குப் பின்னால் இந்தச் சங்கத்தின் அரைநூற்றாண்டுப் பொறுமை இருக்கிறது.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனி 1996-இல் கால்கொண்டு, 1998 செப்டம்பரில் தன் முதல் ‘சான்ட்ரோ’ வண்டியை வெளியே விட்டது. அதனோடு வந்த கொரிய அதிகாரிகளைப் பார்த்த நம்மவர்கள், இவர்கள் பிறவியிலேயே முதலாளிகள் என்பதுபோல் ஒதுங்கி நின்றார்கள். அவர்களுடைய தகப்பன்மார் தலைமுறையின் கதை நம் வாலிபர்களுக்குத் தெரிந்திருந்தால் அப்படி நின்றிருக்க மாட்டார்கள். 1963 டிசம்பரில் தொடங்கி 1977 வரை ஏறத்தாழ 8,000 கொரிய வாலிபர்கள், அவர்களில் கல்லூரிப் படிப்புப் படித்தவர்கள் பலர், மூன்று வருஷ ஒப்பந்தத்தில் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். 10,000-க்கு மேற்பட்ட கொரியப் பெண்கள் அங்கே நர்ஸுகளாகப் போனார்கள். சம்பளத்தில் பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்பினார்கள். 1964-இல் கொரிய ஜனாதிபதி பார்க் சுங் ஹீ ஹாம்போர்ன் சுரங்கத்துக்குப் போய் அவர்கள்முன் பேசத் தொடங்கியபோது, கேட்டவர்களும் அழுதார்கள், பேசியவரும் அழுதார். 1970-களில் அதே ஹூண்டாய் கம்பெனி தனக்கென்று ஒரு காரை உருவாக்க எண்ணியபோது, இளம் பொறியாளர்கள் சிலரை இத்தாலியின் டூரின் நகருக்கு அனுப்பிற்று; அவர்கள் அங்கே தங்கி, வரைபடம் வரைவதைக் கண்ணால் பார்த்துப் பார்த்து நோட்டுப் புத்தகங்களில் எழுதிக்கொண்டு வந்தார்கள். 1975-இன் இறுதியில் ‘போனி’ கார் உற்பத்தியாயிற்று. ஜெர்மனிக்குப் போனவனுக்கு வழிச்செலவைச் சுரங்கத் தேவை கொடுத்தது, அவன் பணத்தைக் கொண்டுவந்தான். டூரினுக்குப் போனவனுக்குச் சொந்தக் கம்பெனி கொடுத்தது, அவன் வித்தையைக் கொண்டுவந்தான். இரண்டும் தேசத்துக்கு வேண்டியிருந்தன என்றாலும், இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தது இரண்டாமவனின் நோட்டுப் புத்தகம்தான்.

இப்போது முறை நம்முடையது. 2016-இல் இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 2017-இல் தொடங்கிய முதல் நான்கு உற்பத்தித் தொழில் பயிற்சி நிலையங்களில் ஒன்று ஒரகடத்துக்கு அடுத்த வல்லம் வடகால் பேட்டையில் யமஹா கம்பெனியின் பொறுப்பில் அமைந்தது. அதே 2017 அக்டோபரில், ஜப்பானின் தொழில்நுட்பப் பயிற்சியாளர் திட்டத்தில் இந்தியா சேர்ந்தது. 1993-இல் உண்டான அத்திட்டத்தில் ஒரு வாலிபன் மூன்று வருஷமும் அதற்கு மேலும் ஜப்பானியத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே தொழில் கற்பதாக ஏற்பாடு.

ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு டீக்கடை பெஞ்சில், இரண்டாம் ஷிப்ட் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பையன், சட்டைப் பையிலிருந்து சிறு அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு பக்கம் ஜப்பானிய எழுத்தையும் மறுபக்கம் தமிழில் எழுதிய உச்சரிப்பையும் பார்த்து வாயசைத்துக்கொண்டிருந்தான்.

“என்ன தம்பி, சீனமா?” என்று கேட்டார் கடைக்காரர்.

“இல்லண்ணா, ஜப்பான். பரீட்சை பாஸானா மூணு வருஷம்.”

“டிக்கெட்டு யாரு எடுக்கறாங்க?”

“டிக்கெட்டு கம்பெனிண்ணா. கிளாஸ் பீஸு, ஆஸ்டலு, மத்ததெல்லாம் எங்கப்பா.”

கடைக்காரர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். அந்தத் திட்டத்தில் பயிற்சியாளன் தன் கம்பெனியை மாற்றிக்கொள்ளப் பொதுவாக அனுமதியில்லை. பாலசுந்தரத்துக்கு 1894-இல் காந்தி வாங்கிக் கொடுத்த அந்த ஒரு சலுகை இங்கே கிடையாது. சில ஆசிய நாடுகளிலிருந்து போனவர்கள் தரகர்களுக்குக் கொடுத்த பெருங்கடனோடு போய், வேலையும் விடமுடியாமல் கடனும் தீராமல், தொழிற்சாலையை விட்டு ஓடிப்போனார்கள். ஜப்பானியரே இதை உணர்ந்து, 2024-இல் பழைய திட்டத்தை ஒழித்து வேறொன்றை ஏற்படுத்தச் சட்டம் செய்திருக்கிறார்கள். 2027-இல் நடைமுறைக்கு வரும் அப்புதிய ஏற்பாட்டில், சில நிபந்தனைகளோடு ஒருவன் அதே தொழிலில் வேறு கம்பெனிக்கு மாறலாம். இதைக் கொண்டு ஒரகடத்துப் பையனை ட்ரூரோ கப்பலின் கூலியோடு நான் சமப்படுத்துவதாக யாரும் நினைக்க வேண்டாம். அவன் பத்திரத்தைப் படித்துக் கையெழுத்திடுகிறான். கையில் செல்போன் இருக்கிறது. திரும்பிவந்தால் வாசலிலேயே தொழிற்சாலை இருக்கிறது. ஆனாலும் பயணச்சீட்டுக்குக் கம்பெனியும் மற்றச் செலவுக்கு அப்பாவும் என்று செலவு இரண்டாகப் பிரிந்திருக்கும்போது, பையனும் இருவருக்கும் கடமைப்பட்டவனாகவே விமானமேறுகிறான்.

ஒப்பந்தக் கூலிகளின் காலத்தில் ஏற்பட்ட குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற பதவி இன்றும் சென்னையில் இருக்கிறது. 1983-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற முகவர், ஆளொருவரிடம் 30,000 ரூபாய்க்கும் அதன்மேல் வரிக்கும் அதிகமாக வாங்கக் கூடாது என்பது விதி. அவ்விதியை மீறினால் அந்தப் பாதுகாவலரிடம் முறையிடலாம். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா முதலிய குறிப்பிட்ட நாடுகளுக்குப் போகும்போது அவருடைய அனுமதி முத்திரை வேண்டும். ஜப்பான் அந்தப் பட்டியலில் இல்லை. பத்தாம் வகுப்புத் தேறிய பையனுக்கு எந்த நாட்டுக்கும் அந்த முத்திரை தேவையில்லை. ஆகையால், 1860-இல் செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்து கப்பலேறியவனின் கிராமமும் முழங்கால் தழும்பும் வரை எழுதி வைத்த அந்த அலுவலகத்தின் ஏட்டில், இன்று வடக்குப்பட்டிலிருந்து ஜப்பானுக்குப் போகும் பையனுக்கு ஒரு வரியும் கிடையாது.